கிராஷ் டெஸ்ட்டில் ஓட்டுநர் சீட்டில் உட்காரும் உடம்பு யாருடையது?

திருகுவிசை எழுதியது:

கார் பாதுகாப்பு என்று பேச்சு வந்தாலே ஐந்து ஸ்டாரா, நான்கு ஸ்டாரா என்பதோடு முடித்துவிடுகிறோம். அந்த ஸ்டாரை வாங்கிக் கொடுத்த உடம்பு எது, அது எந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கிற பதில் எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது, அதனால் இதைத் தனி இழையாகவே போடுகிறேன்.

முன்பக்க மோதல் சோதனைகளில் பல ஆண்டுகளாக உலகம் முழுக்கப் பயன்படும் டம்மி, அதாவது மனித உடம்பு போலச் செய்து உணரிகள் பொருத்திய பொம்மை, ஹைப்ரிட் 3. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1976-ல் உருவாக்கியது. உயரம் சுமார் 175 செ.மீ., எடை சுமார் 78 கிலோ. அந்தக் காலத்து அமெரிக்க ஆணின் சராசரி அளவு அது. "பெண் டம்மியும் இருக்கிறதே" என்று உடனே சொல்வார்கள். இருக்கிறது, ஆனால் அது 150 செ.மீ. உயரமும் 49 கிலோ எடையும் உள்ள டம்மி. நூறு பெண்களைச் சிறிய உடம்பிலிருந்து பெரிய உடம்பு வரை வரிசையாக நிறுத்தினால் ஐந்தாவதாக நிற்பவரின் அளவு, கிட்டத்தட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உடம்பு. மீதி 95 பெண்களும் அதைவிடப் பெரியவர்கள். இன்னொன்று, அது ஒரு பெண்ணின் உடம்பை அளந்து செய்ததும் இல்லை. பெரும்பாலும் ஆண் டம்மியை எடுத்து அளவைச் சுருக்கியதுதான். இடுப்பெலும்பின் வடிவம், கழுத்துத் தசையின் பருமன், உடம்பின் எடை எங்கே கூடி எங்கே குறைகிறது என்பதெல்லாம் சுருக்கினால் வந்துவிடாது.

சரி, அந்தச் சின்னப் பெண் டம்மியை எங்கே உட்கார வைக்கிறார்கள்? அமெரிக்க அரசின் ஸ்டார் ரேட்டிங்கில் நேருக்கு நேர் மோதும் சோதனையில் அது ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டில் இருக்கும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆண் டம்மி. பெண்களும் கார் ஓட்டுகிறார்கள் என்ற எளிய உண்மைக்கு அந்தச் சோதனையில் இடமே இல்லை.

இதன் விளைவு கணக்கில் தெரிகிறது. 2011-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஒரே மாதிரியான விபத்தில் சீட் பெல்ட் போட்டிருந்த பெண் ஓட்டுநர்களுக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 47 விழுக்காடு கூடுதல் என்று வந்தது. 2019-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்பக்க மோதல்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள், அதில் 73 விழுக்காடு. எந்த உடம்பை வைத்து அளக்கிறோமோ அந்த உடம்புக்குத்தான் பெல்ட்டும் ஏர்பேக்கும் சீட்டும் பழகிக்கொள்கின்றன. மற்றவர்களுக்கு மீதி கிடைக்கிறது.

நான்காம்கியர் எழுதியது:

பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி இல்லை. சாலை விபத்தில் சாகிறவர்களில் ஆண்கள்தானே பெரும்பான்மை? அப்புறம், உடம்பு சின்னதாக இருந்தால், எலும்பு மெல்லியதாக இருந்தால், அடி கூடுதலாகத்தான் படும். அது இயற்பியல். அதற்கு டம்மியைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது?

திருகுவிசை எழுதியது:

நான்காம்கியர் நண்பரே, நீங்கள் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகப் போடுகிறீர்கள். யார் அதிகம் மோதுகிறார்கள் என்பது ஒரு கேள்வி. மோதிய பிறகு அந்தக் கார் உள்ளே இருப்பவரை எவ்வளவு காப்பாற்றுகிறது என்பது இன்னொரு கேள்வி. ஆண்கள் அதிக தூரம் ஓட்டுகிறார்கள், வேகமாகப் போகிறார்கள், குடித்துவிட்டு ஓட்டுவதும் பெல்ட் போடாமல் ஓட்டுவதும் அவர்களிடம் கூடுதல், அதனால் மொத்த மரணத்தில் அவர்கள் எண்ணிக்கை பெரிதாக இருக்கிறது. அதைக் குறைக்க வேறு வேலை செய்ய வேண்டும், கட்டாயம் செய்ய வேண்டும். இங்கே நான் கேட்பது இரண்டாவது கேள்வியை மட்டும்.

சின்ன உடம்பு என்ற வாதத்துக்கும் அந்த ஆய்விலேயே பதில் இருக்கிறது. 73 விழுக்காடு என்பது மோதலின் கடுமை, வயது, உயரம், உடல் பருமன், காரின் மாடல் ஆண்டு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு வந்த எண். அதாவது ஒரே உயரம், ஒரே பருமன் என்று வைத்துப் பார்த்தாலும் இடைவெளி நின்றது. அப்படியானால் "சின்ன ஆண்" என்று வைத்துக்கொண்டு பெண்ணுக்கு வடிவமைக்க முடியாது என்றுதானே அர்த்தம்?

மெய்நிகர்மோதல் எழுதியது:

கணினியில் மோதல் மாதிரிகள் ஓட்டுவதுதான் என் வேலை, அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் டம்மி எங்கே உட்காருகிறது என்பதை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். பெண் டம்மி ஓட்டுநர் சீட்டுக்கே வருவதில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் 2003-ல் தொடங்கிய பக்கவாட்டு மோதல் சோதனையில் ஓட்டுநர் சீட்டிலும் பின்சீட்டிலும் சின்னப் பெண் டம்மிதான். அமெரிக்க அரசுச் சோதனையிலும் கார் பக்கவாட்டில் கம்பத்தில் மோதும்போது ஓட்டுபவர் அவர்தான். ஐரோப்பாவில் கார்களைச் சோதித்து ஸ்டார் தரும் அமைப்பான யூரோ என்கேப் 2015-லிருந்து சுவரில் முழு அகலமாக மோதும் சோதனையில் அவரை ஓட்டுநர் சீட்டிலும் பின்சீட்டிலும் வைக்கிறது. எல்லைகளும் தனித்தனி. அமெரிக்க விதியில் மார்புக்கூடு உள்வாங்கும் அளவு ஆண் டம்மிக்கு 63 மி.மீ. வரை போகலாம், சின்னப் பெண் டம்மிக்கு 52 மி.மீ. வரைதான்.

அடுத்து, அந்த 73. இதே கேள்வியை ஐஐஎச்எஸ் 2021-ல் வேறு விதமாகக் கேட்டது. ஆண்கள் சராசரியாக எடை கூடிய வண்டிகளில் போகிறார்கள். ஒரு வண்டி இன்னொன்றின் பின்னாலோ பக்கவாட்டிலோ மோதும் விபத்துகளில் இடிக்கும் வண்டியில் ஆண் இருப்பதும், இடிபடும் வண்டியில் பெண் இருப்பதும் கூடுதல். இடிபடும் வண்டியில், அதுவும் எடை குறைந்த வண்டியில் இருப்பவருக்குத்தான் அடி அதிகம். இந்த வேறுபாடுகளைக் கழித்து, ஒப்பிடக்கூடிய மோதல்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது இடைவெளி நன்றாகக் குறைந்தது. முன்பக்க மோதலில் எலும்பு முறிவு, தலையில் அதிர்ச்சி போன்ற நடுத்தரக் காயங்கள் பெண்களுக்கு மூன்று மடங்கு என்று இருந்தது இரண்டு மடங்காக இறங்கியது. கடுமையான காயங்களில் வித்தியாசம் கொஞ்சம்தான் மிஞ்சியது.

ஆக, 73 விழுக்காட்டையும் டம்மியின் தலையில் கட்டினால் அந்தக் கணக்கு நிற்காது. ஆனால் எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒன்று கரையவே இல்லை: கால். முட்டிக்குக் கீழே, கணுக்கால், பாதம். நாம் பேச வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

நான்காம்கியர் எழுதியது:

இது எனக்குப் புதுத் தகவல். வண்டி எடையைக் கழித்தும் கால் காயம் மட்டும் ஏன் நிற்கிறது? காலணியா?

எலும்பும்தசையும் எழுதியது:

இயன்முறை மருத்துவத்தில் இருக்கிறேன். காரணத்தை மெய்நிகர்மோதல் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும், விளைவை நான் சொல்கிறேன்.

கால் காயம் யாரையும் உடனே கொல்லாது, அதனால் செய்தியில் வராது. "நடுத்தரக் காயம்" என்ற வகைக்குள் ஆய்வுக் கட்டுரையில் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் கணுக்கால் மூட்டுக்குள் ஓடிய முறிவோடு வருபவரைப் பாருங்கள். எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொல்லும். படி இறங்கச் சொன்னால் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடிபட்ட காலை முதலில் வைத்து, மற்றக் காலை அதே படிக்குக் கொண்டுவந்து சேர்த்து, அப்புறம்தான் அடுத்த படி. முன்பாதத்தை மேலே தூக்கும் அசைவு திரும்பி வரவே இல்லை என்றால் குந்தி உட்கார முடியாது, மேடு ஏற முடியாது, மேடு பள்ளத் தரையில் ஒவ்வொரு அடிக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். குதிகால் எலும்பு நொறுங்கியவர்களுக்கு இன்னும் மோசம். மூட்டுத் தேய்மானம் சில வருடங்களிலேயே வந்துவிடுகிறது. நாள் முழுக்க நின்று வேலை செய்பவர் என்றால் வேலையே போகும்.

உயிர் போனதா இல்லையா என்பதை மட்டும் வைத்துக் காரைப் பாதுகாப்பானது என்று சொல்லும் வழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. வாழ்நாள் முழுக்க வலியோடு நடப்பதும் காரின் தோல்விதான்.

மெய்நிகர்மோதல் எழுதியது:

காலணி பற்றிக் கேட்டதற்கு: அதுவும் ஒரு சந்தேகம்தான், ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய விஷயம் இருக்கை நிலை. கால் நீளம் குறைவு என்றால் சீட்டை முன்னால் இழுப்பார்கள். பெடல் கால் நுனிக்கு எட்டும், குதிகால் தரையை விட்டு எழும். மோதும்போது முன்தரை உள்ளே மடிந்து வருகிறது, பாதம் ஏற்கெனவே வளைந்த நிலையில் பெடலுக்கும் தரைக்கும் நடுவே மாட்டுகிறது, கணுக்கால் தன் எல்லையைத் தாண்டித் திரும்புகிறது.

இதில் எனக்கே ஆத்திரம் வரும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்க அரசின் முன்பக்க ஸ்டார் கணக்கில் தலை, கழுத்து, மார்பு, தொடையெலும்பு இந்த நான்கும்தான் சேர்கின்றன. முட்டிக்குக் கீழே எதுவும் ஸ்டாரில் வராது. பெண்களுக்கு எந்த இடத்தில் வித்தியாசம் விடாப்பிடியாக நிற்கிறதோ, அந்த இடம் மதிப்பெண்ணிலேயே இல்லை. மதிப்பெண் இல்லாத இடத்தில் எந்த நிறுவனம் பணம் போடும்?

ஜன்னலோரம் எழுதியது:

நான் உயரம் குறைந்தவள், தினமும் கார் ஓட்டுகிறேன். ஓட்டுநர் சீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், இதைப் படிக்கும் உயரமானவர்கள் ஒரு முறை அந்த நிலையில் உட்கார்ந்து பாருங்கள்.

கிளட்சை முழுதாக அமுக்க வேண்டும் என்றால் சீட்டைக் கடைசி வரை முன்னால் தள்ள வேண்டும். அப்போது ஸ்டீயரிங் நெஞ்சுக்கு மிக அருகில் வந்துவிடும். முன்கண்ணாடிக்கு வெளியே பார்க்க முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும், அதனால் தலை ஹெட்ரெஸ்ட்டை விட்டு விலகும். தோள் பெல்ட் தோளில் நிற்காமல் கழுத்தை அறுக்கும். மேல் கொக்கியைக் கீழே இறக்கும் வசதி சில கார்களில் இருக்கிறது, பலவற்றில் இல்லை. கழுத்து எரிச்சல் தாங்காமல் பெல்ட்டை அக்குளுக்கு அடியில் விட்டு ஓட்டுகிற பெண்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், மோதும்போது மொத்த விசையும் விலா எலும்புகளில் இறங்கும், உள்ளே கல்லீரலும் மண்ணீரலும் இருக்கின்றன.

இந்த உட்காரும் விதத்தை ஆங்கில ஆய்வுகளில் "சரியான நிலையில் இல்லை" என்று எழுதுகிறார்கள். பெடல் எட்டும் இடத்தில், சாலை தெரியும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இதில் சரியில்லாதது என் உட்காரும் விதமா, கார் எனக்கு விட்ட இடமா?

தொண்ணூறுகளின் ஏர்பேக் கதையையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். அன்றைய அமெரிக்க விதிப்படி, பெல்ட் போடாத சராசரி ஆண் டம்மியை மணிக்கு 48 கி.மீ. மோதலில் ஏர்பேக் தனியாகவே தடுத்து நிறுத்த வேண்டும். 78 கிலோ உடம்பு பெல்ட் இல்லாமல் பாய்ந்து வந்தால் அதைப் பிடிக்க ஏர்பேக் எவ்வளவு வேகமாக, எவ்வளவு முரட்டுத்தனமாக விரிய வேண்டும் என்று யோசியுங்கள். ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்திருந்த குட்டைப் பெண்களும், முன்சீட்டில் இருந்த குழந்தைகளும், மெதுவான வேகத்தில் நடந்த, மற்றபடி உயிர் பிழைத்திருக்க வேண்டிய விபத்துகளில் அந்த ஏர்பேக்காலேயே இறந்தார்கள். 1990 முதல் 2008 வரை இப்படி 290-க்கும் மேற்பட்ட மரணங்கள் என்பது அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்சாவின் மதிப்பீடு. இறந்தவர்களில் பெரும்பாலானோர் பெல்ட் போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 1997-ல் விதியைத் தளர்த்தி, 1998 மாடல்களிலிருந்து விரியும் விசையைக் குறைத்தார்கள். அந்த மரணங்களில் பத்துக்கு ஒன்பது 1998-க்கு முந்தைய கார்களில் நடந்தவை. 2000-ல் வந்த புதிய ஏர்பேக் விதிதான் சின்னப் பெண் டம்மியைச் சோதனைக்குள் கொண்டுவந்தது. இத்தனை பேர் போன பிறகுதான் அந்த 49 கிலோ உடம்புக்கு ஓர் இடம் கிடைத்தது.

நான்காம்கியர் எழுதியது:

ஜன்னலோரம் சொன்ன உட்காரும் நிலையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. நன்றி.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நிட்சா 2022-ல் வெளியிட்ட கணக்கைப் பார்த்தேன். ஒரே மாதிரி விபத்தில் முன்சீட்டுப் பெண் இறக்கும் வாய்ப்பு ஆணைவிட எவ்வளவு கூடுதல் என்றால், 1960 முதல் 2009 வரையிலான மாடல்களில் சுமார் 18 விழுக்காடு, 2010-க்குப் பிந்தைய மாடல்களில் சுமார் 6. அதிலும் 2015-க்குப் பிந்தையவற்றில் சுமார் 3. அப்படியானால் பிரச்சினை தீர்ந்து வருகிறது என்றுதானே பொருள்?

திருகுவிசை எழுதியது:

மரணத்தில் தீர்ந்து வருகிறது, அதை நானும் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். அது எப்படி நடந்தது என்றும் பாருங்கள். ஏர்பேக்கின் முரட்டுத்தனம் குறைந்தது, பெல்ட்டில் இறுக்கிப் பிடிக்கும் கருவியும் விசையை அளவோடு விடும் கருவியும் வந்தன, பக்கவாட்டு ஏர்பேக் வந்தது, அதே காலத்தில் சோதனையில் சின்ன டம்மியும் உட்கார ஆரம்பித்தது. சோதனைக்குள் வந்த உடம்புக்குப் பாதுகாப்பும் வருகிறது என்பதற்கு அந்த எண்களைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

ஆனால் அந்தக் கணக்கு உயிர் போனவர்களின் கணக்கு. எலும்பும்தசையும் சொன்ன கணுக்கால்கள் அதில் இல்லை. கழுத்தும் இல்லை.

பின்கண்ணாடி எழுதியது:

கழுத்து என்ற வார்த்தைக்காகவே காத்திருந்தேன். சிக்னலில் நின்றிருந்தபோது பின்னால் வந்த வண்டி இடித்தது. பம்பரில் பெரிய சேதம் இல்லை, கார் ஓடியது. எனக்குத் தலையைத் திருப்பி ரிவர்ஸ் எடுக்க இன்றும் வலிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவருக்கு இரண்டு மூன்று நாளில் சரியாகிவிட்டது. காப்பீட்டு அலுவலகத்தில் "ஒரே வண்டி, ஒரே இடி, அவருக்கு ஒன்றும் இல்லையே" என்று கேட்டார்கள், நான் நடிக்கிறேன் என்ற தொனியில். அந்தக் கேள்வி வலியைவிட அதிகமாகக் குத்தியது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். பின்னால் இடிபடும்போது வரும் விப்லாஷ் என்ற கழுத்துக் காயம் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகள் பல வருடங்களாகச் சொல்லிவருகின்றன. நடப்பது இதுதான்: சீட் முதுகை முன்னால் தள்ளுகிறது, தலை மட்டும் இருந்த இடத்திலேயே பின்தங்குகிறது, ஒரு கணம் கழுத்தின் கீழ்ப்பகுதி ஒரு பக்கமும் மேல்பகுதி வேறு பக்கமும் வளைகிறது. எடை கூடிய உடம்பு சீட்டின் சாய்வுக்குள் நன்றாகப் புதையும், சாய்வு கொஞ்சம் பின்னால் வளைந்து கொடுக்கும், தலை சீக்கிரம் ஹெட்ரெஸ்ட்டைத் தொடும். எடை குறைந்த உடம்பு அந்த அளவுக்குப் புதையாது, விறைப்பான சாய்வு அதைச் சட்டென முன்னால் எறிந்துவிடும். கழுத்துத் தசையும் மெல்லியது.

இந்தச் சோதனைக்கென்றே செய்த பயோரிட் என்ற டம்மி சராசரி ஆணின் உடம்பு. அதன்படி சீட்டைத் திருத்திக்கொண்டே போனார்கள். விப்லாஷைக் குறைக்க என்று 1997-98 வாக்கில் ஸ்வீடன் கார்களில் தொடங்கி வந்த சிறப்புச் சீட்டுகள் உண்மையிலேயே பலன் தந்தன, ஆனால் அவற்றில் சில வகைகள் பெண்களைவிட ஆண்களுக்கே கூடுதலாக உதவின என்பதும் ஸ்வீடன் விபத்துக் கணக்கிலேயே தெரிந்தது.

ஸ்வீடன் சாலைப் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாக இதற்காகவே போராடுகிறார். 2022-ல் அவர் குழு சராசரிப் பெண்ணின் அளவில் ஒரு டம்மியைச் செய்தது: 162 செ.மீ., 62 கிலோ, பின்பக்க மோதலுக்கானது. பேர் செட் 50எஃப். இந்த மாதிரி ஒன்று உலகில் அதுதான் முதல். கார் வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு!

நான்காம்கியர் எழுதியது:

உங்கள் கழுத்து சீக்கிரம் குணமாகட்டும். வாதத்துக்காகக் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 49 கிலோ பெண்ணையும் 78 கிலோ ஆணையும் வைத்துச் சோதித்து இருவருக்கும் பாதுகாப்பு என்றால், நடுவில் இருக்கும் 62 கிலோ பெண்ணுக்கும் பாதுகாப்புத்தானே? ஒவ்வோர் உடம்புக்கும் ஒரு டம்மி என்றால் முடிவே இருக்காது. முதியவர், பருமனானவர், எல்லாரும் கேட்பார்கள்.

மெய்நிகர்மோதல் எழுதியது:

நல்ல கேள்வி, எங்கள் துறையிலும் பல பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். முன்பக்க மோதலில் அதற்கு ஓரளவு மதிப்பு உண்டு. இரண்டு ஓரங்களையும் பிடித்துவிட்டால் நடுவில் இருப்பது பெரும்பாலும் வந்துவிடும், இரண்டு டம்மிகளும் ஒரே சீட்டில், ஒரே சோதனையில் உட்கார்ந்தால். ஆனால் நடப்பது என்ன? ஒரு டம்மி ஓட்டுநர் சீட்டில், மற்றது பக்கத்துச் சீட்டில். பக்கத்துச் சீட்டில் ஸ்டீயரிங்கும் பெடலும் கிடையாது. அங்கே வாங்கிய மதிப்பெண் ஜன்னலோரம் போன்றவர் ஓட்டும்போது நடப்பதைப் பற்றி எதுவும் சொல்லாது.

பின்பக்க மோதலில் அந்த வாதம் அடியோடு விழுந்துவிடும். அங்கே இருப்பது ஒரே ஓர் அளவு, சராசரி ஆண். இரண்டு ஓரமே இல்லாதபோது நடு எங்கிருந்து வரும்?

முதியவர், பருமனானவர் பற்றிக் கேட்டீர்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான், அதற்கு வழியும் இருக்கிறது. டொயோட்டாவின் தம்ஸ் போன்ற கணினி மனித மாதிரிகளில் எலும்பு, தசைநார், உள்ளுறுப்பு வரை வரைந்திருக்கிறார்கள். 2021-லிருந்து அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ஐரோப்பியத் திட்டம் ஒன்றில் வந்த விவா+ மாதிரி இன்னும் ஒரு படி மேல், சராசரிப் பெண்ணை அடிப்படையாக வைத்து உருவாக்கி அதிலிருந்து ஆணுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு காரை நிஜமாக இடித்துவிட்டு, அதே மோதலைக் கணினியில் நூறு உடம்புகளோடு ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் கணினி மாதிரி சரியா என்று உறுதி செய்ய நிஜ டம்மியும், இறந்தவர் உடல்களில் செய்த ஆய்வுகளின் தரவும் தேவை. அந்தத் தரவிலும் பெண் உடல்கள் குறைவு. ஓட்டை அடியிலிருந்தே இருக்கிறது.

முதல்சுற்று எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இழை முழுவதும் படித்தேன். என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளை வைத்துச் சோதனை உண்டா? பெல்ட் போடலாமா கூடாதா என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

எலும்பும்தசையும் எழுதியது:

கட்டாயம் போட வேண்டும், இதில் இரண்டாவது கருத்தே இல்லை. இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே, இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல், தொடையை ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும். வயிற்றின் மேல் ஓடவே கூடாது. தோள் பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். பெல்ட்டுக்கு அடியில் மெத்தை, துண்டு எதுவும் வேண்டாம். அவர் ஓட்டினால் நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி இருக்கட்டும், முடியவில்லை என்றால் இந்த மாதங்களில் வேறு யாராவது ஓட்டட்டும். ஏர்பேக்கை அணைக்க வேண்டாம். சின்ன இடியாக இருந்தாலும், அவருக்கு ஒன்றும் வலிக்கவில்லை என்றாலும், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தாய்க்கு வெளியே எதுவும் தெரியாமலே நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிய வாய்ப்பு உண்டு.

சோதனை பற்றி: மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் மாமா-2பி என்ற கர்ப்பிணி டம்மியை உருவாக்கினார்கள். வால்வோவும் ஏறத்தாழ அதே காலத்தில் கணினியில் ஒரு கர்ப்பிணி மாதிரியைச் செய்தது. இருபது வருடம் ஓடிவிட்டது, கட்டாயச் சோதனைக்குள் அவை வரவில்லை.

முதல்சுற்று எழுதியது:

மிக்க நன்றி. இப்போதே போய் பெல்ட் எங்கே ஓடுகிறது என்று பார்க்கிறேன்.

ஜன்னலோரம் எழுதியது:

அமெரிக்காவில் புதுப் பெண் டம்மி வந்துவிட்டதாகச் செய்தியில் பார்த்தேனே, அது என்ன ஆயிற்று?

மெய்நிகர்மோதல் எழுதியது:

அதன் பேர் தோர்-05எஃப். 2025 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அதன் இறுதி வடிவத்தை அறிமுகப்படுத்தியது. 150-க்கும் மேற்பட்ட உணரிகள், பெண் உடற்கூறை வைத்தே செய்த இடுப்பெலும்பு, கழுத்து, அப்புறம் முட்டிக்குக் கீழேயும் அளக்கும் வசதி. நாம் மேலே பேசிய கால் விஷயம் இதில் சேர்ந்திருக்கிறது என்பது பெரிய முன்னேற்றம், எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் பேரிலேயே இருக்கும் 05 என்ன சொல்கிறது? இதுவும் அதே ஐந்தாவது இடத்துச் சின்னப் பெண்தான். டம்மி தயார் என்பதற்கும் அதை ஸ்டார் ரேட்டிங்கில், ஓட்டுநர் சீட்டில் வைக்க வேண்டும் என்று விதி வருவதற்கும் நடுவே நிறைய நடக்க வேண்டும்.

திருகுவிசை எழுதியது:

நான்காம்கியர் கேட்ட கேள்விகளால் இழை நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. என் கோரிக்கையையும் இப்போது குறுக்கிக்கொள்கிறேன். எல்லா உடம்புக்கும் டம்மி வேண்டும் என்று கேட்கவில்லை. முன்பக்க மோதலில் அதே காரை இரண்டாவது முறை இடிக்கும்போது ஓட்டுநர் சீட்டில் பெண் டம்மி உட்காரட்டும், பெடல் எட்டும் தூரத்துக்குச் சீட்டை இழுத்துவைத்து. பின்பக்க மோதலில் செட் 50எஃப் போன்ற சராசரிப் பெண்ணும் சேரட்டும். இரண்டு முடிவுகளையும் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே ஸ்டாராக ஒட்டாமல் தனித்தனியாக வெளியிடட்டும்.

அது வரும்வரை, கார் பார்க்கப் போகிறவர்கள் ஸ்டாரோடு நிற்காதீர்கள். யூரோ என்கேப் அறிக்கைகளில் எந்தச் சோதனையில் எந்த டம்மி, உடம்பின் எந்தப் பாகம் என்ன நிறம் (பச்சை என்றால் நல்ல பாதுகாப்பு, சிவப்பு என்றால் மோசம்) என்று படமாகவே போடுகிறார்கள். முழு அகல மோதலில் ஓட்டுநர் படம்தான் சின்னப் பெண் டம்மி, அதில் மார்பும் கழுத்தும் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். ஷோரூமில் ஸ்டீயரிங் மேலே கீழே மட்டும் நகர்கிறதா, உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் முடிகிறதா, தோள் பெல்ட்டின் மேல் கொக்கி இறங்குகிறதா, ஹெட்ரெஸ்ட் தலைக்குப் பின்னால் எவ்வளவு அருகில் வருகிறது என்று பாருங்கள். அந்தக் காரை யார் ஓட்டப் போகிறாரோ அவரை உட்கார வைத்துப் பாருங்கள்.

பின்கண்ணாடி எழுதியது:

ஹெட்ரெஸ்ட் விஷயம் மட்டும் ஒரு வரி சேர்க்கிறேன். அதன் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு வர வேண்டும், தலைக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஆளாளுக்கு மாறி ஓட்டும் வீட்டில் கண்ணாடியைத் திருத்துகிறோம், சீட்டைத் திருத்துகிறோம், அதை மட்டும் கடைசியாக ஓட்டியவர் விட்ட இடத்திலேயே விட்டுவிடுகிறோம்.